ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களில் கட்டளைவரி அளவுருக்களைப் பகுத்தல்

கட்டளைவரி அளவுருக்களைப் பகுத்தல் என்பது, ஒரு நிரலை இயக்கும்போது அதன் பெயருக்குப் பின்னால் பயனர் தட்டச்சிடும் சொற்களைப் பிரித்து, ஒவ்வொன்றும் எதைக் குறிக்கிறது என்று முடிவு செய்து, நிரலுக்குள் பயன்படுத்தத்தக்க மதிப்புகளாக மாற்றும் வேலை ஆகும். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் இந்த வேலை பெரும்பாலும் நோட்.ஜேஎஸ் என்னும் இயக்கச்சூழலில் நடைபெறுகிறது. பயனர் தட்டச்சிட்டவை அனைத்தும் நிரலுக்கு வெறும் எழுத்துச் சரங்களாகவே வந்து சேர்கின்றன. அவற்றில் எது எண், எது கோப்பின் பெயர், எது 'ஆம் - இல்லை' குறி என்பதை நிரலை எழுதுபவரே தீர்மானிக்க வேண்டும். இத்தீர்மானத்தைத் தெளிவாகச் செய்யாமல் ஊகத்துக்கு விட்டுவிட்டால், நிரல் எந்தப் பிழைச்செய்தியும் தராமல் தவறான வேலையைச் செய்துவிடக்கூடும்.

இக்கட்டுரையில் கட்டளைகளும் நிரற்பெயர்களும் தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. நோட், என்பிஎம் முதலிய கட்டளைச் சொற்களையும் ஜாவாஸ்கிரிப்ட்டின் உட்பெயர்களையும் கணினியில் ஆங்கில எழுத்திலேயே தட்டச்சிட வேண்டும். தெரிவுகளின் பெயர்களும் கோப்புகளின் பெயர்களும் தமிழிலேயே இருக்கலாம்.

வரலாறு

நிரலுக்குக் கட்டளைவரி வழியாகச் செய்தி கொடுக்கும் முறை யூனிக்ஸ் இயங்குதளத்தோடும் சி மொழியோடும் 1970களில் வேரூன்றியது. சி நிரலின் முதன்மைச் செயற்கூறுக்கு இரண்டு மதிப்புகள் வந்து சேரும். ஒன்று அளவுருக்களின் எண்ணிக்கை. இது ஆர்க்சி எனப்படும். மற்றொன்று அளவுருக்களின் பட்டியல். இது ஆர்க்வி எனப்படும். பட்டியலின் முதல் இடத்தில் நிரலின் பெயரே இருக்கும்.

தொடக்கத்தில் ஒவ்வொரு நிரலும் தன் விருப்பப்படி அளவுருக்களைப் படித்தது. இதில் ஒழுங்கு கொண்டுவர 'கெட்ஆப்ட்' என்னும் செயற்கூறு உருவானது. ஏடி&டி நிறுவனம் அதன் மூலநிரலை 1985ஆம் ஆண்டில் பொதுவுரிமையாக வெளியிட்டது. பின்னர் போசிக்ஸ் தரம் ஓரெழுத்துத் தெரிவுகளுக்கான விதிகளை வகுத்தது. இரண்டு சிறுகோடுகளோடு தொடங்கும் நீண்ட பெயர்களைக் குனூ திட்டத்தின் நிரல்கள் பரவலாக்கின.

ஜாவாஸ்கிரிப்ட்டின் கதை வேறு. பிரெண்டன் ஐக் 1995இல் நெட்ஸ்கேப் உலாவிக்காக உருவாக்கிய மொழி அது. உலாவிக்குள் இயங்கும் நிரலுக்குக் கட்டளைவரி என்று ஒன்றே கிடையாது. ஆகவே மொழியின் தரமான எக்மாஸ்கிரிப்ட்டில் கட்டளைவரி பற்றி எதுவும் சொல்லப்படவில்லை. 2009இல் ரயன் டால் நோட்.ஜேஎஸ்ஸை உருவாக்கி, ஜாவாஸ்கிரிப்ட்டை உலாவிக்கு வெளியே கொண்டுவந்தபோது, சி மொழியின் ஆர்க்வி என்ற பெயரையே எடுத்துக்கொண்டார். பட்டியலைத் தரும் வசதி அன்றே இருந்தது. ஆனால் அதைப் பகுக்கும் வசதி நோட்.ஜேஎஸ்ஸுக்குள் 2022இல்தான் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் தனியார்வலர்கள் எழுதிய நூலகங்களே அந்த இடத்தை நிரப்பின.

அடிப்படைச் சொற்கள்

இக்கட்டுரை முழுவதும் ஒரே எடுத்துக்காட்டு பயன்படுத்தப்படுகிறது. 'துப்புரவு' என்பது ஒரு கோப்புறையில் குறிப்பிட்ட நாள்களுக்கு மேல் பழையதான கோப்புகளை அழிக்கும் நிரல் என்று கொள்வோம். ஒத்திகை என்ற தெரிவைக் கொடுத்தால், அது எதையும் அழிக்காமல், அழிக்கப்படவிருக்கும் கோப்புகளின் பட்டியலை மட்டும் காட்டும்.

    நோட் துப்புரவு.ஜேஎஸ் --நாள் 30 --ஒத்திகை பழையவை

இக்கட்டளையில் உள்ள உறுப்புகள் பின்வருமாறு:

* தெரிவு: சிறுகோட்டுடன் தொடங்கி, நிரலின் நடத்தையை மாற்றும் சொல். இங்கு --நாள், --ஒத்திகை ஆகிய இரண்டும் தெரிவுகள்.
* தெரிவின் மதிப்பு: தெரிவைத் தொடர்ந்து வரும் தகவல். இங்கு 30 என்பது --நாள் தெரிவின் மதிப்பு. இதை --நாள்=30 என்றும் எழுதலாம்.
* கொடி: மதிப்பு எதுவும் வேண்டாத தெரிவு. இருந்தால் 'ஆம்', இல்லாவிட்டால் 'இல்லை'. இங்கு --ஒத்திகை ஒரு கொடி.
* இடவரிசை அளவுரு: சிறுகோடு இல்லாமல், தான் நிற்கும் இடத்தால் பொருள் பெறும் சொல். இங்கு 'பழையவை' என்ற கோப்புறைப் பெயர்.
* குறுந்தெரிவு: ஒரே சிறுகோடும் ஓர் எழுத்தும் கொண்ட சுருக்கம். --நாள் என்பதற்கு -ந என்றும், --ஒத்திகை என்பதற்கு -ஒ என்றும் வைத்துக்கொள்ளலாம். இவற்றை இணைத்து -ஒந 30 என்று எழுதுவதும் மரபே.
* முடிவுக்குறி: தனியாக நிற்கும் இரண்டு சிறுகோடுகள். இதற்குப் பின் வருபவை சிறுகோட்டுடன் தொடங்கினாலும் தெரிவுகள் அல்ல, இடவரிசை அளவுருக்களே.

'பழையவை' என்ற சொல் கோப்புறையின் பெயரா, --ஒத்திகை என்பதன் மதிப்பா? கட்டளையைப் பார்த்து மட்டும் இதைச் சொல்ல முடியாது. ஒத்திகை ஒரு கொடி என்பது தெரிந்தால்தான் விடை கிடைக்கும். பகுத்தலில் எழும் பெரும்பாலான சிக்கல்களின் வேர் இதுவே.

நிரலை அடையும் முன் ஷெல் செய்யும் வேலை

முனையத்தில் தட்டச்சிடும் வரி நேரடியாக நிரலுக்குப் போவதில்லை. ஷெல் எனப்படும் கட்டளை விளக்கி அதை முதலில் படிக்கிறது. லினக்ஸ், மேக் ஆகிய யூனிக்ஸ் வழி இயங்குதளங்களில் ஷெல் மூன்று வேலைகளைச் செய்கிறது.

முதலாவது, இடைவெளி உள்ள இடங்களில் வரியை வெட்டுகிறது. "என் பழைய கோப்புகள்" என்று மேற்கோளுக்குள் எழுதினால் அது ஒரே அளவுரு. மேற்கோள் இல்லாவிட்டால் மூன்று அளவுருக்கள். மேற்கோள் குறிகளை ஷெல் நீக்கிவிடுவதால் நிரல் அவற்றைப் பார்ப்பதே இல்லை.

இரண்டாவது, விண்மீன் குறி போன்றவற்றை விரிக்கிறது. *.உரை என்று தட்டச்சிட்டால், அந்த முடிவுடைய கோப்புகளின் பெயர்கள் அனைத்தும் தனித்தனி அளவுருக்களாக நிரலுக்குப் போகின்றன. விண்டோஸின் கட்டளை உரையாடியில் இந்த விரிவாக்கம் நடப்பதில்லை. நிரலுக்கு விண்மீன் குறி அப்படியே வந்து சேரும். ஒரே நிரல் இரு இயங்குதளங்களில் இருவேறு விதமாக நடந்துகொள்வதற்கு இது ஒரு காரணம்.

மூன்றாவது, மாறிகளின் மதிப்பை இட்டு நிரப்புகிறது. மாறிக்கு மதிப்பே இல்லாமல் இருந்து, அது மேற்கோளுக்குள் இருந்தால், எழுத்தே இல்லாத வெற்றுச் சரம் ஒன்று அளவுருவாகப் போகும். இதன் விளைவு பின்னர் விளக்கப்படுகிறது.

நோட்.ஜேஎஸ்ஸில் அளவுருக்களின் பட்டியல்

நோட்.ஜேஎஸ் அளவுருக்களை 'புராசஸ்.ஆர்க்வி' என்ற அணியில் வைக்கிறது. மேற்கண்ட எடுத்துக்காட்டுக் கட்டளைக்கு அந்த அணியின் உறுப்புகள் பின்வருமாறு அமையும்:

* உறுப்பு 0: நோட் நிரல் கணினியில் இருக்கும் முழுப் பாதை
* உறுப்பு 1: துப்புரவு.ஜேஎஸ் கோப்பின் முழுப் பாதை
* உறுப்பு 2: "--நாள்"
* உறுப்பு 3: "30"
* உறுப்பு 4: "--ஒத்திகை"
* உறுப்பு 5: "பழையவை"

சி மொழியில் நிரலின் பெயருக்கு ஓர் இடம் ஒதுக்கப்படுகிறது. இங்கு இயங்குவது நோட், அது படிப்பது துப்புரவு கோப்பு. ஆகவே இரண்டு இடங்கள். பயனர் கொடுத்தவை 2ஆம் உறுப்பிலிருந்தே தொடங்குகின்றன. அதனால்தான் பெரும்பாலான நிரல்களில் முதல் இரண்டு உறுப்புகளை வெட்டி நீக்கும் ஒரு வரியைக் காணலாம். 3ஆம் உறுப்பில் உள்ள 30 என்பது எண் அன்று. '3', '0' என்ற இரண்டு எழுத்துகளால் ஆன சரம்.

கட்டளையில் தெரிவு எங்கே நிற்கிறது என்பதும் முக்கியம். கோப்பின் பெயருக்கு முன்னால் வரும் தெரிவுகளை நோட் தனக்கு உரியவையாக எடுத்துக்கொள்கிறது. அவை 'புராசஸ்.எக்ஸெக்ஆர்க்வி' என்ற வேறொரு அணிக்குப் போகின்றன. கோப்பின் பெயருக்குப் பின்னால் வருபவை மட்டுமே நிரலுக்கு உரியவை.

என்பிஎம் வழியாக நிரலை இயக்கும்போது இதே சிக்கல் இன்னொரு வடிவில் வருகிறது.

    என்பிஎம் ரன் துப்புரவு --ஒத்திகை

என்று எழுதினால் --ஒத்திகை என்பதை என்பிஎம் தன் சொந்த அமைப்பாகக் கருதி எடுத்துக்கொள்கிறது. துப்புரவு நிரலுக்கு அது போய்ச் சேர்வதில்லை. பயனர் ஒத்திகை என்று நினைத்திருக்க, நிரல் உண்மையாகவே அழிக்கத் தொடங்கும். நடுவில் முடிவுக்குறி இட்டு,

    என்பிஎம் ரன் துப்புரவு -- --ஒத்திகை

என்று எழுதினால்தான் தெரிவு நிரலைச் சென்றடையும்.

கையால் பகுத்தல்

ஓரிரு இடவரிசை அளவுருக்கள் மட்டுமே உள்ள சிறு நிரலுக்கு நூலகம் எதுவும் தேவையில்லை. அணியின் 2ஆம் உறுப்பை நேரடியாக எடுத்துக்கொள்ளலாம். தெரிவுகள் சேரும்போது, பட்டியலை ஒவ்வோர் உறுப்பாகப் படித்துச் செல்லும் ஒரு சுழற்சி தேவைப்படுகிறது. அதன் படிகள்:

1. உறுப்பு முடிவுக்குறியாக இருந்தால், மீதி எல்லாவற்றையும் இடவரிசைப் பட்டியலில் சேர்த்து நிறுத்துக.
2. இரண்டு சிறுகோடுகளோடு தொடங்கினால், சமக்குறி உள்ளதா என்று பார்த்துப் பெயரையும் மதிப்பையும் பிரிக்க.
3. அந்தப் பெயர் நிரலுக்குத் தெரிந்த பெயரா என்று பார்க்க. தெரியாததாக இருந்தால் பிழை கூறி நிறுத்துக.
4. அது கொடியாக இருந்தால் 'உண்மை' என்று குறித்துக்கொள்க. மதிப்பு வேண்டும் தெரிவாக இருந்தால், சமக்குறிக்குப் பின் உள்ளதை அல்லது அடுத்த உறுப்பை மதிப்பாக எடுத்துக்கொள்க. அடுத்த உறுப்பே இல்லையென்றால் பிழை கூறுக.
5. சிறுகோடு இல்லாவிட்டால் இடவரிசைப் பட்டியலில் சேர்க்க.

படிப்பதற்கு எளிதாக இருந்தாலும், குறுந்தெரிவுகளின் இணைப்பு, ஒரே தெரிவு இருமுறை வருதல், சிறுகோட்டுடன் தொடங்கும் எதிர்ம எண்கள் ஆகியவற்றைச் சேர்த்தால் நிரல் விரைவில் நீண்டுவிடும். பகுத்தலின் உட்பொருளை அறிய மாணவர்கள் ஒருமுறை இதைக் கையால் எழுதிப் பார்ப்பது பயன் தரும். நாள்தோறும் பயன்படும் நிரலுக்கு ஆயத்தமான கருவியே ஏற்றது.

பார்ஸ்ஆர்க்ஸ் செயற்கூறு

நோட்.ஜேஎஸ்ஸின் 'யூடில்' தொகுதியில் உள்ள 'பார்ஸ்ஆர்க்ஸ்' என்ற செயற்கூறு 18.3.0, 16.17.0 ஆகிய பதிப்புகளில் அறிமுகமானது. 20.0.0 பதிப்பில் நிலையான வசதியாக அறிவிக்கப்பட்டது. இதற்கு எந்த வெளி நூலகமும் நிறுவ வேண்டியதில்லை.

இச்செயற்கூறுக்கு, நிரல் ஏற்கும் தெரிவுகளின் பட்டியலை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். ஒவ்வொரு தெரிவுக்கும் அதன் வகை (பூலியன் அல்லது சரம்), குறுந்தெரிவின் எழுத்து, பலமுறை வரலாமா என்பது, கொடுக்காவிட்டால் கொள்ள வேண்டிய இயல்பு மதிப்பு ஆகியவற்றைச் சொல்லலாம். பகுத்து முடித்ததும் அது ஒரு பொருளைத் தருகிறது. அதில் தெரிவுகளின் மதிப்புகள் ஒரு பகுதியாகவும், இடவரிசை அளவுருக்கள் மற்றொரு பகுதியாகவும் இருக்கும்.

இதன் சிறப்பு, கண்டிப்பு முறை இயல்பாகவே இயக்கத்தில் இருப்பது ஆகும். அம்முறையில் பின்வருபவை பிழைகளாகக் கொள்ளப்படும்:

* அறிவிக்கப்படாத தெரிவு வருதல்
* கொடிக்கு மதிப்பு கொடுத்தல்
* மதிப்பு வேண்டும் தெரிவுக்கு மதிப்பு இல்லாமை
* இடவரிசை அளவுருக்களை ஏற்பதாக அறிவிக்காதபோது அவை வருதல்

ஒரு தெரிவின் மதிப்பு சிறுகோட்டுடன் தொடங்கினாலும், எடுத்துக்காட்டாக --வெப்பம் -5 என்று வந்தாலும், பயனர் மதிப்பைக் கொடுக்க மறந்து வேறொரு தெரிவை எழுதியிருக்கலாம் என்ற ஐயத்தால் இது பிழை கூறுகிறது. --வெப்பம்=-5 என்று சமக்குறியுடன் எழுதினால் ஐயம் நீங்கிவிடுகிறது.

பார்ஸ்ஆர்க்ஸில் எண் என்ற வகை இல்லை. சரத்தை எண்ணாக மாற்றும் பொறுப்பு நிரலை எழுதுபவருடையது. உதவிக்குறிப்புப் பக்கத்தையும் இது தானாக உருவாக்குவதில்லை.

நூலகங்கள்

என்பிஎம் களஞ்சியத்தில் இவ்வேலைக்கான நூலகங்கள் பல உள்ளன. அவற்றுள் பரவலாக அறியப்பட்டவை மூன்று.

மினிமிஸ்ட்: ஜேம்ஸ் ஹாலிடே எழுதிய மிகச் சிறிய நூலகம். எதையும் அறிவிக்காமலே பயன்படுத்தலாம் என்பது இதன் எளிமை. ஊகித்துச் செயல்படும் என்பது அதே எளிமையின் மறுபக்கம். எண் போலத் தோன்றும் மதிப்பை இது எண்ணாக மாற்றுகிறது. சரமாகவே வேண்டுமென்றால் அத்தெரிவைச் சரம் என்று அறிவிக்க வேண்டும். ஒரே தெரிவு இருமுறை வந்தால் மதிப்புகளை அணியாகச் சேர்க்கிறது.

யார்க்ஸ்: துணைக்கட்டளைகள், உதவிப் பக்கம், வகை அறிவிப்பு ஆகியவற்றைத் தரும் பெரிய நூலகம். அறியப்படாத தெரிவுகளை இது இயல்பாக ஏற்றுக்கொள்ளும். கண்டிப்பு முறையை இயக்கினால் பிழை கூறும்.

கமாண்டர்: டி.ஜே. ஹோலோவேசக் உருவாக்கியது. ரூபி மொழியில் இதே பெயரில் உள்ள நூலகத்தைத் தழுவியது. அறியப்படாத தெரிவை இயல்பாகவே பிழையாகக் கொள்கிறது. உதவிப் பக்கத்தையும் தானே உருவாக்குகிறது. மதிப்புகளை மாற்றும் செயற்கூறு ஒன்றைத் தனியே கொடுத்தால் தவிர, அவற்றைச் சரங்களாகவே தருகிறது.

ஊகத்தால் விளையும் பிழைகள்

பகுத்தலில் நேரும் தவறுகளில் நிரல் நின்றுபோவது சிறிய தவறு. பயனர் உடனே கவனித்துத் திருத்திவிடுவார். நிற்காமல் தொடர்வதே பெரிய தவறு. துப்புரவு நிரலை வைத்து இதைக் காணலாம்.

எழுத்துப்பிழை: பயனர் --ஒத்திகை என்பதற்குப் பதில் --ஒத்திக்கை என்று தட்டச்சிடுகிறார். ஊகிக்கும் நூலகம் 'ஒத்திக்கை' என்ற புதிய பெயரை அமைதியாகக் குறித்துக்கொள்ளும். நிரல் தேடுவதோ 'ஒத்திகை' என்ற பெயரை; அது இல்லை. ஆகவே கோப்புகள் உண்மையாகவே அழிக்கப்படும். கண்டிப்பு முறையில் இதே கட்டளை பிழைச்செய்தியோடு நின்றுவிடும். ஒரு மெய்யெழுத்து மிகுந்ததற்குக் கோப்புகள் விலையாகும் நிலை வராது.

விழுங்கப்படும் அளவுரு: மினிமிஸ்ட்டில் --ஒத்திகை ஒரு கொடி என்று அறிவிக்காமல் விட்டால், அடுத்து வரும் 'பழையவை' என்ற சொல்லை அது ஒத்திகையின் மதிப்பாக எடுத்துக்கொள்ளும். இடவரிசைப் பட்டியல் வெறுமையாகிவிடும். கோப்புறை கொடுக்கப்படாவிட்டால் இப்போதுள்ள கோப்புறையையே எடுத்துக்கொள்வதாக நிரல் எழுதப்பட்டிருந்தால், அது வேறொரு கோப்புறையில் வேலை செய்யத் தொடங்கும்.

'பொய்' என்ற சொல்: ஜாவாஸ்கிரிப்ட்டில் வெற்றுச் சரம் தவிர மற்ற எல்லாச் சரங்களும் உண்மையாகவே கொள்ளப்படுகின்றன. 'பொய்' என்பதைக் குறிக்கும் ஃபால்ஸ் என்ற சொல்லைச் சரமாகக் கொடுத்தாலும் அது உண்மை என்றே மதிப்பிடப்படும்.

எண்ணாக மாற்றுதல்

சரத்தை எண்ணாக மாற்ற ஜாவாஸ்கிரிப்ட்டில் 'நம்பர்', 'பார்ஸ்இன்ட்' முதலிய செயற்கூறுகள் உள்ளன. நம்பர் செயற்கூறு தரும் விடைகளில் சில எதிர்பாராதவை:

* "30" என்பது 30 ஆகிறது.
* "007215" என்பது 7215 ஆகிறது. முன்னால் உள்ள சுழிகள் மறைகின்றன.
* வெற்றுச் சரம் 0 ஆகிறது.
* "30நாள்" என்பது 'எண் அல்ல' என்ற சிறப்பு மதிப்பாகிறது. பார்ஸ்இன்ட் இதை 30 என்று ஏற்றுக்கொள்ளும்.
* "௩௦" என்று தமிழ் இலக்கத்தில் கொடுத்தாலும் 'எண் அல்ல' என்ற மதிப்பே கிடைக்கும்.
* "9007199254740993" என்பது 9007199254740992 ஆகிறது. முழு எண்களைப் பிழையின்றி வைத்திருக்கும் எல்லை 9007199254740991 வரைதான்.

முன்னர்ச் சொன்ன வெற்றுச் சரம் இங்கே ஆபத்தாகிறது. தானியங்கி வேலை ஒன்றில் --நாள் என்பதன் மதிப்பை ஒரு மாறியிலிருந்து எடுக்கும்படி எழுதி, அந்த மாறிக்கு மதிப்பு கொடுக்க மறந்துவிட்டால், நிரலுக்கு வெற்றுச் சரம் வரும். அது 0 ஆகும். '0 நாளுக்கு மேல் பழைய கோப்புகளை அழி' என்றால் ஏறக்குறைய எல்லாக் கோப்புகளும் அதில் அடங்கும்.

'எண் அல்ல' என்ற மதிப்பின் ஆபத்து வேறு வகையானது. அதனோடு எந்த எண்ணை ஒப்பிட்டாலும், பெரிதா என்றாலும் சிறிதா என்றாலும் விடை 'பொய்' என்றே வரும். 'வயது அதிகமானால் அழி' என்று எழுதப்பட்ட நிரல் எதையும் அழிக்காது. 'வயது குறைவானால் தவிர்' என்று எழுதப்பட்ட நிரல் எதையும் தவிர்க்காமல் அனைத்தையும் அழித்துவிடும்.

ஆகவே மாற்றுவதற்கு முன்பே சோதிப்பது நல்லது. சரத்தில் இலக்கங்கள் மட்டுமே உள்ளனவா என்று பார்த்து, பிறகு எண்ணாக மாற்றி, அது ஏற்கத்தக்க எல்லைக்குள் உள்ளதா என்று மீண்டும் பார்க்க வேண்டும். துப்புரவு நிரலில் 1 முதல் 3650 வரை என்று எல்லை வைக்கலாம். தேர்வுப் பதிவெண், தொலைபேசி எண், அஞ்சல் குறியீட்டெண் போன்றவை பெயரளவில்தான் எண்கள். அவற்றைக் கூட்டுவதோ பெருக்குவதோ இல்லை. அவற்றைச் சரமாகவே வைத்திருக்க வேண்டும். சென்னையின் தொலைபேசிக் குறியீடான 044 எண்ணாக மாறினால் 44 ஆகிவிடும்.

தமிழ்ச் சொற்களை ஒப்பிடுதல்

தெரிவுகளின் பெயர்களோ மதிப்புகளோ தமிழில் இருக்கும்போது யூனிகோடின் ஓர் இயல்பைக் கவனிக்க வேண்டும். 'கோ' என்ற எழுத்தை இரு வழிகளில் சேமிக்கலாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒரு வழி. ஏகாரக் குறி, கால் குறி என்று இரண்டாகச் சேர்ப்பது மற்றொரு வழி. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஜாவாஸ்கிரிப்ட்டின் சமக்குறி ஒப்பீட்டில் இரண்டும் வேறு வேறு சரங்கள். 'கோப்பு' என்ற பெயரைச் சரியாகத் தட்டச்சிட்டும் நிரல் 'அறியாத தெரிவு' என்று சொன்னால், காரணம் இதுவாக இருக்கலாம். 2015ஆம் ஆண்டின் எக்மாஸ்கிரிப்ட் பதிப்பிலிருந்து சரங்களுக்கு 'நார்மலைஸ்' என்ற வசதி உள்ளது. பகுப்பதற்கு முன்பே அளவுருக்களையும், நிரலில் அறிவித்த பெயர்களையும் இதன் வழியாகச் செலுத்தினால் இரண்டும் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். கோப்பின் பெயரை மட்டும் வந்தபடியே விட்டுவைப்பது நல்லது. கோப்பு எந்த வடிவில் சேமிக்கப்பட்டதோ அதே வடிவில் கேட்டால்தான் சில இயங்குதளங்களில் அது கிடைக்கும்.

பாதுகாப்பு

கடவுச்சொற்கள்: கடவுச்சொல்லைக் கட்டளைவரியில் கொடுப்பது பாதுகாப்பானது அன்று. அது ஷெல்லின் வரலாற்றுக் கோப்பில் பதிவாகக்கூடும். லினக்ஸில் இயங்கும் நிரல்களின் அளவுருக்களை அதே கணினியின் பிற பயனர்களும் இயல்பாகப் பார்க்க முடியும். நிரல் இயங்கும்போது கேட்டுப் பெறுவது, அல்லது அனுமதி கட்டுப்படுத்தப்பட்ட கோப்பிலிருந்து படிப்பது சிறந்தது.

மூலப்படிவக் கலப்படம்: ஜாவாஸ்கிரிப்ட்டில் ஒரு பொருளில் இல்லாத பண்பைக் கேட்டால், அதன் மூலப்படிவமான புரோட்டோடைப்பில் தேடப்படும். எல்லாச் சாதாரணப் பொருள்களுக்கும் ஒரே மூலப்படிவம் பொதுவாக உள்ளது. மினிமிஸ்ட் நூலகத்தில், திட்டமிட்டு எழுதிய தெரிவுப் பெயர் ஒன்றின் மூலம் இந்தப் பொது மூலப்படிவத்தையே மாற்ற முடிந்தது. சிவிஇ-2020-7598 என்ற எண்ணில் பதிவான இக்குறை 1.2.2 பதிப்பில் திருத்தப்பட்டது. திருத்தத்தைத் தாண்டிச் செல்லும் வழி மீண்டும் கண்டறியப்பட்டு, சிவிஇ-2021-44906 என்ற எண்ணில் பதிவாகி, 1.2.6 பதிப்பில் சரிசெய்யப்பட்டது. தன் கணினியில் தானே தட்டச்சிடும் பயனருக்கு இதனால் ஆபத்து குறைவு. வெளியாள் அனுப்பும் உரையை நிரல் இப்பகுப்பானுக்குக் கொடுக்கும்போதே ஆபத்து மிகும். பார்ஸ்ஆர்க்ஸ் மூலப்படிவமே இல்லாத பொருளில் மதிப்புகளைத் தருகிறது.

கோப்புப் பெயர் தெரிவாக மாறுதல்: கோப்பின் பெயர் சிறுகோட்டுடன் தொடங்கலாம். விண்மீன் குறியை ஷெல் விரிக்கும்போது அப்பெயரும் அளவுருவாக வரும். நிரல் அதைத் தெரிவு என்று எண்ணிவிடும். பெயர்களுக்கு முன்னால் முடிவுக்குறி இட்டால் இதைத் தவிர்க்கலாம். நிரல் தான் பெற்ற அளவுருக்களை வேறொரு நிரலுக்கு அனுப்பும்போதும், எல்லாவற்றையும் ஒட்டி ஒரே கட்டளை வரியாக்கி ஷெல்லிடம் கொடுக்காமல், அணியாகவே அனுப்பும் 'எக்ஸெக்ஃபைல்', 'ஸ்பான்' ஆகிய செயற்கூறுகளைப் பயன்படுத்த வேண்டும்.

பிழையை அறிவிக்கும் முறை

தவறான அளவுரு வந்தால் நிரல் மூன்று செயல்களைச் செய்வது மரபு. எந்த அளவுரு தவறு, எது எதிர்பார்க்கப்பட்டது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அச்செய்தியை வழக்கமான வெளியீட்டில் கலக்காமல் பிழை வெளியீட்டில் எழுத வேண்டும். சுழி அல்லாத முடிவெண்ணோடு நிற்க வேண்டும். முடிவெண் 0 என்றால் வெற்றி என்பது யூனிக்ஸ் மரபு. தானியங்கி வேலைகள் இந்த எண்ணைப் பார்த்தே அடுத்த படிக்குச் செல்கின்றன. பிழை கூறிவிட்டு 0 என்ற எண்ணோடு முடியும் நிரல், தன்னை அழைத்த நிரலை ஏமாற்றுகிறது.

சரிபார்ப்பு முழுவதும் வேலையைத் தொடங்கும் முன்பே முடிந்துவிட வேண்டும். பாதிக் கோப்புகளை அழித்த பிறகு அளவுரு தவறு என்று சொல்வதில் பயனில்லை.

பாதுகாப்பான இயல்பு நிலை

அழிக்கும், மாற்றி எழுதும் நிரல்களில், எதுவும் சொல்லாவிட்டால் எது நடக்க வேண்டும் என்பது முக்கியமான கேள்வி. கிட் மென்பொருளின் 'கிளீன்' கட்டளை இதற்கு நல்ல முன்மாதிரி. கண்காணிக்கப்படாத கோப்புகளை நீக்கும் அக்கட்டளை, கட்டாயப்படுத்தும் தெரிவைக் கொடுத்தாலன்றி இயல்பாக நீக்க மறுத்துவிடும்.

துப்புரவு நிரலையும் அவ்வாறே மாற்றி எழுதலாம். --ஒத்திகை என்ற தெரிவை நீக்கிவிட்டு, ஒத்திகையையே இயல்பு நிலையாக்கி, உண்மையில் அழிக்க --அழி என்ற தெரிவு வேண்டும் என்று வைக்கலாம். இப்போது பயனர் எழுத்துப்பிழை செய்தாலும், என்பிஎம் தெரிவை விழுங்கிவிட்டாலும், பகுப்பான் தவறாக ஊகித்தாலும், பெரும்பாலும் விளைவு ஒன்றுதான்: பட்டியல் திரையில் தோன்றும், கோப்புகள் அப்படியே இருக்கும்.

பிற இயக்கச்சூழல்கள்

ரயன் டால் 2018இல் அறிவித்த டீனோ சூழலில் 'டீனோ.ஆர்க்ஸ்' என்ற அணி உள்ளது. இதில் பயனர் கொடுத்த அளவுருக்கள் மட்டுமே இருக்கும். முதல் இரண்டு உறுப்புகளை வெட்டத் தேவையில்லை. பன் சூழலில் 'பன்.ஆர்க்வி' என்ற அணியும் நோட்.ஜேஎஸ்ஸின் புராசஸ்.ஆர்க்வியும் கிடைக்கின்றன, இவற்றில் முதல் இரண்டு உறுப்புகளும் உண்டு. நோட்.ஜேஎஸ்ஸுக்காக எழுதிய நிரலை டீனோவின் அணிக்கு மாற்றும்போது, வெட்டும் வரியை நீக்க மறந்தால் பயனரின் முதல் இரண்டு அளவுருக்கள் காணாமற்போகும்.